பெரியப்பாவின் கத்திகள்

குகையில் கிடைத்த தாடையெலும்புக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் பெரியப்பா. நம்மைப் பெற்ற மனித இனம் இல்லை, எப்போதோ அழிந்துபோன வேறு இனம், ஆனாலும் ரத்த சம்பந்தம் உண்டு, அப்படியென்றால் பெரியப்பா முறைதானே என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. அவர் கிடந்த கீழ் மண்ணடுக்கிலேயே மெல்லிய, நீளமான கல் கத்திகளும் கிடைத்தன. தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

இவ்வளவு நேர்த்தியான கத்தியைப் பெரியப்பா வகையறா செய்திருக்கவே முடியாது, அது நம் ஆட்களின் கைவேலை, பிற்பாடு அவர்கள் வாழ்ந்த மேல் அடுக்கிலிருந்து எலி வளை வழியாகக் கீழே விழுந்திருக்கிறது என்றார் வழுக்கைப் பேராசிரியர். பெரியப்பாவேதான் செய்தார், அவரை மந்தபுத்தி என்று ஒதுக்குவது நம் கொழுப்பு என்றாள் அக்கா. வருடக்கணக்காக இருவரும் கீரியும் பாம்புமாக நின்று, கடைசியில் அக்கா பக்கம் காற்றடித்தது. வரும் திங்கட்கிழமை அருங்காட்சியகத்தில் பெரியப்பாவுக்கென்றே ஒரு கூடம் திறக்கிறார்கள். கத்திகளுக்குக் கீழே அவர் செய்தவை என்று பலகையும் எழுதியாகிவிட்டது.

சின்னவளுக்கு அதில் அக்காவைவிடப் பெருமை. பிள்ளை பெற்று, படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டு வீட்டோடு கிடந்த தங்கையை, "உன் கை மாதிரி யாருக்குடி வரும்" என்று சொல்லி இந்த வேலைக்கு இழுத்து வந்தவள் அக்காதான். தங்கைக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசியதை அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கையைப் பற்றி அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தையில் சின்னவளுக்கு இன்னும் உச்சி குளிர்ந்துகொண்டிருந்தது.

வேலை இதுதான். கத்தி உடைத்தெடுத்தவன் மிச்சமான தாய்க்கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பான். எந்தச் சில்லு எந்தக் கல்லிலிருந்து பெயர்ந்தது என்று பொருத்திப் பார்த்து, அசிட்டோன் பட்டால் கரைகிற பசையால் ஒட்டவேண்டும். பொறுமையில்லாதவர்கள் இரண்டே நாளில் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

சனிக்கிழமை மதியம், மேல் அடுக்கில் கிடைத்த தாய்க்கல் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். தேன் நிறம், குறுக்கே ஒரு வெள்ளை வரி. எங்கேயோ பார்த்த வரியாயிற்றே என்று தேடினால், கீழ் அடுக்குத் தட்டில் அதே வரியோடு ஒரு கத்தி. சும்மா வைத்துப் பார்த்தாள். நகம் நுழையக்கூட இடமில்லாமல் உட்கார்ந்தது.

மேலே இருந்தவன் உடைத்த கத்தி கீழே பெரியப்பாவிடம் எப்படிப் போகும்? விழுந்துதான் போயிருக்கும். வழுக்கை சொன்னது சரி.

அக்காவை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தபடி, ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல அசிட்டோன் பஞ்சால் கத்தியைத் துடைத்தாள். பஞ்சு பிசுபிசுத்தது. தாய்க்கல்லைத் துடைத்தாள், அதிலும் அதே பிசுபிசுப்பு. ஆய்வுக்கூடத்துப் பசைதான். யாரோ இந்த இரண்டையும் ஏற்கெனவே ஒட்டி, பிரித்து, சரியாகத் துடைக்காமல் அதனதன் தட்டில் திரும்ப வைத்திருக்கிறார்கள். அவளுக்கு முன்னால் இந்த மேசையில் இந்த வேலை பார்த்தது அக்கா ஒருத்திதான்.

"சாப்பிடாம என்னடி பண்ணிட்டிருக்கே?" சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்த அக்கா, தங்கையின் கையிலிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எப்பக்கா ஒட்டினே?"

அக்கா மறுக்கவில்லை. டப்பாவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ஏன் பிரிச்சே?"

"ஒரே ஒரு கத்தி விழுந்திருக்கும்டி. மத்ததெல்லாம் அவர் செஞ்சதாத்தான் இருக்கும். இதை வெளியே விட்டா அந்த ஆளு எல்லாத்தையும் சேர்த்துக் குப்பையில போட்டுடுவான். பெரியப்பா மறுபடியும் மடையனாயிடுவார்."

அதிலும் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படின்னா இதையும் காட்டிட்டுல்ல அதைச் சொல்லணும்? மறைக்கிறதுன்னு ஆன பிறகு கல்லை ஏன் வெச்சிருந்தே? தூக்கிப் போட்டிருக்கலாமே."

"கல்லை எப்படிடி தூக்கிப் போடறது?"

அக்கா உண்மையாகவே அதிர்ந்துபோய்க் கேட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

"சரி, எல்லாம் தெரிஞ்சுதானே என்னை இங்க உட்கார வெச்சே? நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"சேச்சே. நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும்." அக்கா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற யாரு கண்டுபிடிச்சாலும் ஊருக்கே சொல்லிடுவாங்க. நீ என்கிட்டதானே வருவே."

அக்கா சின்னவளின் கையை நம்பிக் கூப்பிடவில்லை, வாயை நம்பிக் கூப்பிட்டிருக்கிறாள். ஊர் பேசியபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

பசைக் குழாயைத் திறந்தாள். கத்தியின் முகத்தில் மெலிதாகத் தடவி, தாய்க்கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"திங்கட்கிழமை போகட்டும்டி. அப்புறம் நானே சொல்றேன். இப்ப பிரிச்சுடு."

சின்னவள் ஒட்டிய கல்லை மேசை நடுவில் வைத்தாள். அசிட்டோன் பாட்டிலை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"நான் பிரிக்க மாட்டேன்கா. பிரிக்கணும்னா நீயே பிரி. இந்தத் தடவை நான் பார்த்துட்டிருக்கேன்."

அக்கா பாட்டிலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். கை நீளவில்லை. டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, பசை காய்ந்துகொண்டிருந்தது.