ரோஸ்மேரியின் பென்டிரைவ்

திருப்பூர் மண்ணரையில் வேல்குமாரின் பனியன் கம்பெனியில் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் அறையைத் திறப்பது தேவிப்பிரியா. ஆபீஸ் பொறுப்பு அவளுடையது. பையை மேசைமேல் வைத்த கையோடு ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஆறு பென்டிரைவ்களைச் செருகுவாள். ஆறும் பழசு. உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவிட, சர்வீஸ் செய்ய வரும் முருகேஷ்தான் இந்த வழியைச் சொன்னான். கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம் முழுவதையும் பென்டிரைவிலேயே ஏற்றிவிட்டால், எதில் செருகினாலும் ஓடும்.

"திருட்டுக் காப்பி இல்லீங்களே?" என்று அன்றைக்கே அவள் கேட்டாள்.

"ஒரிஜினலுங்க. பில்லோட வாங்குனது. ஒண்ணு வாங்குனா ஆறுலயும் போட்டுக்கலாமுங்க" என்றான் முருகேஷ்.

பில்லோடு ஓர் அட்டையும் வந்தது. அதில் பொடி எழுத்தில் என்னவோ அச்சாகியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஃபைலில் போட்டுவிட்டாள். காசு கொடுத்தாயிற்று, பில் இருக்கிறது. அதற்குமேல் யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

ஏழாவது கம்ப்யூட்டர் சாம்பிள் அறையில் கிடந்தது. அதில் வேலை செய்தவள் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் ஐந்து வருடம் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுபோனவள். உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அளவு அட்டவணை அடிக்கும் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு ஏழாவது பென்டிரைவ் கிடைக்கவில்லை. கற்றுக்கொண்ட இடத்தில் கொடுத்ததைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். அதில் இருந்தது லினக்ஸ். காசில்லாமல் கிடைப்பது.

ஆடி முடிகிற சமயத்தில், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் ஒரு பெண் ஆடிட்டுக்கு வந்தார். கழிவறை, தீயணைப்பான், சம்பள ரசீது எல்லாம் பார்த்துவிட்டு ஆபீஸுக்குள் நுழைந்தார். பென்டிரைவ்களைப் பார்த்ததும் நின்றார். சாம்பிள் அறையையும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"ஏழு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் எந்த உரிமத்தில் சிஸ்டம் ஓடுகிறது என்று மூன்று நாளில் எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் தெரு முனை தாண்டியதும் வேல்குமார் உள்ளே வந்தார். முகம் கறுத்திருந்தது. "ஏனம்மிணி, என்ன இது? நம்முளுதுக்குப் பில் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க. ஆறும் பில் போட்டு வாங்குனதுதானுங்க." தேவிப்பிரியா ஒரு நொடி தயங்கினாள். பில்லில் ஒன்று என்றுதான் போட்டிருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. "ரோஸ்மேரி வெச்சிருக்கிற பென்டிரைவுக்குத்தானுங்க பில்லே இல்ல. அது அவளா வெளியில இருந்து கொண்டாந்தது."

ரோஸ்மேரியைக் கூப்பிட்டார்கள்.

"இது இலவசந்தான் சார். யார் வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், காப்பி போட்டு அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். உரிமம் உள்ளயே இருக்கு, காட்டுதேன்" என்றாள் அவள்.

"இனாமா எவனாவது குடுப்பானா? பில் இல்லீன்னா அது திருட்டுத்தான்." வேல்குமார் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டவரின் குரல் அது.

"அக்கா, நீங்களாவது ஒரு பக்கம் வாசிச்சுப் பாருங்களேன்" என்று ரோஸ்மேரி தேவிப்பிரியா பக்கம் திரும்பினாள். தேவிப்பிரியா ஃபைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஊழியர் ஒருவர் அனுமதியில்லாத சாஃப்ட்வேரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தார், அவரை நீக்கிவிட்டோம், மற்ற ஆறும் முறையாக வாங்கியவை என்று பில் நகலோடு கடிதம் போனது. அதை அடித்தவள் தேவிப்பிரியா. ரோஸ்மேரி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படி இறங்கியபோது, தையல் பிரிவில் ஒரு மிஷின்கூட நிற்கவில்லை.

அடுத்த வாரத்தில் இரண்டு கம்பெனிகளிலிருந்து போன் வந்தது. ரோஸ்மேரி என்று ஒருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார், ஆள் எப்படி என்று விசாரித்தார்கள். இரண்டு முறையும் எடுத்தவள் தேவிப்பிரியாதான். "வேலையெல்லாம் நல்லாத்தானுங்க பார்ப்பா. ஒரு பென்டிரைவ் பிரச்சனைங்க, அதுலதான் நிறுத்துனமுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. திருப்பூரில் பென்டிரைவ் என்றால் டிசைன் களவு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது தேவிப்பிரியாவுக்கும் தெரியும்.

பதினைந்து நாள் கழித்து ஆடிட் செய்த பெண்ணிடமிருந்து பதில் வந்தது. தேவிப்பிரியா அதை நின்றபடியே படித்தாள். ஆறு பென்டிரைவ்களுக்கும் சேர்த்து நீங்கள் அனுப்பியிருப்பது ஒரே ஒரு உரிமம். அது ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் செல்லும். மீதி ஐந்தும் உரிமமில்லாத பிரதிகள். ஏழாவது இலவச உரிமத்தில் வருவது, அதில் எந்தத் தவறும் இல்லை. தவறே செய்யாத ஊழியரை நீக்கிவிட்டு, அதையே தவறைத் திருத்த எடுத்த நடவடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை சொல்லாத இடத்துக்கு இந்தப் பருவத்து ஆர்டரைத் தர இயலாது.

அவள் ஃபைலைத் திறந்து அந்த அட்டையை எடுத்தாள். பொடி எழுத்தில் அதே வரி இருந்தது: ஒரு உரிமம், ஒரு கம்ப்யூட்டர். பிறகு சாம்பிள் அறைக்குப் போனாள். ரோஸ்மேரியின் பென்டிரைவ் பிடுங்கப்படாமல் அங்கேயே இருந்தது. உரிமத்தைத் தேடித் திறந்தாள். ஆங்கிலம். மூன்று முறை படித்ததும் புரிந்தது. பயன்படுத்தலாம், பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். ரோஸ்மேரி சொன்னது அத்தனையும் அதில் இருந்தது.

வேல்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பில்லில் ஒன்று என்று இருந்தது தனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னாள். அவர் ஆடிட் கடிதத்தை வாங்கிப் படித்தார். "கேக்காம விட்டது நானும்தான் அம்மிணி. நாளையிலிருந்து ஒரு தையல் லைன் நிறுத்தோணும். இருபது டெய்லருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவிப்பிரியா ரோஸ்மேரியின் வீட்டைத் தேடிப் போனாள். ஒரே வரிசையில் பத்து வீடுகள், பொதுவில் ஒரு குழாய். ரோஸ்மேரி வாசற்படியில் உட்கார்ந்து, காலை ஒரு வாளியின்மேல் தூக்கி வைத்திருந்தாள். வேறொரு கம்பெனியில் மறுபடி செக்கிங் வேலை. பதினோரு மணி நேர நிற்பு. கெண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது.

"தப்புப் பண்ணிப்போட்டேன் ரோஸ்மேரி. நீ சொன்னது சரி. திரும்பி வந்துரு" என்றாள் தேவிப்பிரியா.

"அங்க வரமாட்டேன்க்கா." ரோஸ்மேரியின் குரலில் கடுமை இல்லை. "அன்னைக்கு வாசிங்கன்னு சொன்னேன்லா. ஒரு பக்கந்தான். அத வாசிக்காம என்னையக் கள்ளியாக்கிட்டீங்க. அந்தப் பேரு எம்புள்ள கூடப் படிக்கிற புள்ளைககிட்ட வரைக்கும் போயிருச்சு." காலை வாளியிலிருந்து இறக்கி வைத்தாள். "நான் வேல கேட்டுப் போன அந்த ரெண்டு கம்பெனிக்கும் போன் போட்டு உண்மையச் சொல்லுங்க. அது போதும்."

தேவிப்பிரியா அங்கேயே நின்று போன் செய்தாள். முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில் மேனேஜர் எடுத்தார். ரோஸ்மேரி கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"ரோஸ்மேரியப் பத்தி அன்னைக்கு நானொண்ணு சொன்னனுங்க, அது பொய்யுங்க" என்று ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு எதையும் திருடுல. காசு குடுத்து ஒண்ணு வாங்கிப்போட்டு ஆறாக்குனது நாங்கதான். காசு குடுத்துட்டா என்ன வேணும்னாலும் பண்ணலாம்னு நெனச்சேன், இனாமா வந்தா அது திருட்டுன்னு நெனச்சேன். ரெண்டுமே தப்புங்க. எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் அதோட உரிமம் எதுக்கு எடம் குடுக்குது, எதுக்குக் குடுக்கலைன்னு படிச்சுப் பார்த்துட்டுத்தான் தொடோணும். படிக்காம ஒருத்தரத் திருடின்னு சொல்றது, அந்தக் காப்பிய விடப் பெரிய திருட்டுங்க."



"நீங்க சொல்றது சரிதானுங்க" என்றார் மேனேஜர். "ஆனா அந்த எடத்துக்குப் போன வாரமே ஆள் எடுத்துட்டமுங்க."