வாய்க்காலில் விழுந்த மாப்பிள்ளை

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்துத் தெருக்களின் ஓரமாகக் கணுக்கால் ஆழத்தில் வாய்க்கால் ஓடுகிறது. தெரியாமல் அதில் கால் வைத்தவருக்கு இந்த ஊர்க்காரரோடுதான் கல்யாணம் என்பது ஊர் நம்பிக்கை. வேண்டுமென்றே இறங்கினால் செல்லாது. டிராம் ஓட்டும் வெண்டலினுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து அவன் கண் கெர்லின்டேயின் காலிலேயே கிடந்தது.

கெர்லின்டே ஸ்டுட்கார்ட்காரி; இரண்டு ஊருக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான். இத்தனை நாளும் இவன்தான் ரயிலேறிப் போய் அவளைப் பார்த்து வந்தான். "இங்கேயே வந்துடேன்" என்று இவன் கெஞ்சியபோது, "முதல்ல ஊரைப் பாக்கறேன். சாயங்கால ரயில் ஏறுறதுக்குள்ள பதில் சொல்றேன்" என்றிருந்தாள்.

பார்க்க வந்த நாளில் மழை கொட்டித் தீர்த்தது. தெரு எது, வாய்க்கால் எது என்றே தெரியவில்லை. வேறு எவனாக இருந்தாலும் வானத்தைத் திட்டியிருப்பான். இவனுக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் அந்த மகராசி ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி ஒவ்வொரு வாய்க்காலையும் கண்டுபிடித்துத் தாண்டினாள்.

"இப்படி ஓரமா வாயேன், நனையாம இருக்கும்."

"ஓரமாவா? தள்ளி விடலாம்னு பாக்கறியா? இந்த வாய்க்கால் கதை எங்க ஊர்லயும் தெரியும்டா!"

மாட்டிக்கொண்டவன் அசடு வழிந்தான். ஆனால் கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. பெரிய தேவாலயத்துச் சுவரின் உச்சியில் ஒரு கல் மனிதன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறான். மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் கொட்டும். அதை அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் காலடி ஞாபகம் இருக்காது.

தேவாலயத்துக்கு எதிரில் அவனுக்குப் பழக்கமான ஹெட்விக்கின் கடையில் வெங்காயம் போட்டு ஆளுக்கொரு நீளத் தொத்திறைச்சி வாங்கிக்கொண்டார்கள்.

"ஏன்டா தம்பி, ஊர்ல பொண்ணே கெடைக்கலையா? போயும் போயும் ஸ்டுட்கார்ட்லயா புடிச்ச?" என்றாள் ஹெட்விக்.

"நான் எங்கக்கா புடிச்சேன்? இவன்தான் எங்க ஊர்ல வந்து வந்து நின்னான்" என்றாள் கெர்லின்டே.

ஹெட்விக்குக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று.

கெர்லின்டே அண்ணாந்து பார்த்தாள். கல் மனிதனின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தாள். வெண்டலினும் அவள் பூட்ஸையே பார்த்தபடி கூடவே நகர்ந்தான். இன்னும் ஓரடிதான்.

தொபுக்கென்று சத்தம் கேட்டது. வாய்க்காலுக்குள் நின்றது அவன் கால். தொத்திறைச்சி தண்ணீரோடு போயிற்று, வெங்காயம் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"போச்சுடா!" கடையிலிருந்து ஹெட்விக் கூவினாள். "உனக்கு இந்த ஊர்ப் பொண்ணுதான்! ஸ்டுட்கார்ட்காரி கணக்குல வர மாட்டா!"

கெர்லின்டே சிரிப்பதை நிறுத்தினாள்.  நாள் முழுக்கப் போட்ட திட்டம் தன் தலையிலேயே விடிந்துவிட்டதே என்று வெண்டலின் நொந்துகொண்டான். அவள் அவனை விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"அக்கா, புதுசாக் குடி வர்றவங்க பேரை எங்க பதியணும்?"

"நகராட்சி ஆபீஸ்ல. இன்னைக்குச் சனிக்கிழமை, பூட்டியிருக்கும்."

கெர்லின்டே திரும்பி வந்து அவன் சட்டையிலிருந்த வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "திங்கக்கிழமையிலேர்ந்து நானும் இந்த ஊர்ப் பொண்ணு. அதுவரைக்கும் எவளையாவது ஏறெடுத்துப் பாத்த, தொலைஞ்ச!"

 வெண்டலினுக்குச் சந்தோஷத்தில் வாய்க்காலிலிருந்து காலை வெளியே எடுக்கவே தோன்றவில்லை.