தெரியுதுங்க

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். சாந்தாமணியின் கல்யாணத்துக்குச் சொன்னது ஒரே பொய்தான். அதுவும் மூக்குக்கண்ணாடி அளவுக்குச் சின்னது. "கண்ணாடி போட்ட புள்ளைய எவங்கட்டுவான்?" என்று அவள் அம்மா அதைப் பெட்டிக்குள் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டாள். முகூர்த்தத்தன்று பட்டப்பகலில் ஐயர் அருந்ததி காட்டியபோது, சாந்தாமணி அண்ணாந்து பார்த்து, "தெரியுதுங்க" என்றாள்.

அது தொண்ணூற்றைந்து ஐப்பசியில். உடுமலைப்பேட்டையிலிருந்து சரவணம்பட்டிக்கு வாழ வந்த பிறகும் கண்ணாடி பெட்டியிலேயே கிடந்தது. நாலடி தள்ளி நின்றால் புருஷன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று தெரியாது. அந்தப் பயத்தோடுதான் குடும்பம் நடத்தினாள், பாவம்.

தை பிறந்து ஒருநாள், பொழுது சாய்ந்து சோறு வடிக்கும்போது கரண்ட் போனது. புருஷன் அரங்கசாமி, மோட்டார் கம்பெனிக்குப் போகாத நேரமெல்லாம் வானத்தைப் பார்க்கிற ஆள். அவள் கையைப் பிடித்து மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான்.

"கெழக்கால பாரு அம்மணி. வரிசையா மூணு நிக்குதா? மேல கொத்தாக் கெடக்கறது கார்த்திகை. மூணுக்கு எடப்பக்கம் செவப்பா ஒண்ணு இருக்குது பாரு, அதுதான் திருவாதிரை. உன்ற நட்சத்திரம். பொருத்தம் பாத்தப்பவே உனக்குக் காட்டோணும்னு நெனச்சேன்."

அவளுக்கு வானம் முழுக்கக் கறுப்புக் கம்பளிதான். ஆனால் தூரத்தில் சிவப்பாக ஒன்று மங்கலாக எரிந்தது. சந்தோஷமாகக் கையை நீட்டினாள்.

"தெரியுதுங்க. எத்தன பெருசு."

அது மில் புகைபோக்கியின் உச்சிவிளக்கு. ஜெனரேட்டரில் எரிந்துகொண்டிருந்தது.

அரங்கசாமி அவள் கை நீட்டிய பக்கத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பொறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவானோ என்று பயந்தாள்.

"எனக்குத் தூரத்துல இருக்கறது தெரியாதுங்க. கண்ணாடி பெட்டில இருக்குதுங்க. உங்கள ஏமாத்திப்போட்டோம்," என்றாள். அழுகை வந்துவிட்டது.

"அப்ப அருந்ததி?"

"அதுவுந் தெரியலீங்க."

"எனக்கு மட்டுந் தெரிஞ்சுதா? பட்டப்பகல்ல ஐயருக்கே தெரிஞ்சிருக்காது. போயிக் கண்ணாடிய எடுத்துட்டு வா."

தடவித் தடவி இறங்கி எடுத்துவந்தாள். மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்தில் வானம் வெளுத்துப்போனது.

மாடியின் அந்தக் கோடியில், கைப்பிடிச் சுவரோரம் அவன் நின்றிருந்தான்.

"போச்சு போ. இனி ஒண்ணுந் தெரியாது சாந்தா."

நாலடி என்ன, பத்தடி இருக்கும். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தெரியுதுங்க," என்றாள்.