காலுக்குக் கொடுத்த காசு

“அப்பா, உன் காலுக்குப் பதிலாக் குடுத்த காசை அவங்க எடுத்துக்கிட்டா, காலைத் திருப்பிக் குடுத்துருவாங்களா?”

வங்கி மேலாளரின் அறையில் மகள் இப்படிக் கேட்டபோது, மேலாளர் கணினித் திரையை உற்றுப் பார்த்தார். பதில் அதில் இல்லை போலும். ‘கணக்கு முடக்கப்பட்டது’ என்பது மட்டும்தான் சிவப்பில் இருந்தது.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டவர் ஒரு நாள் தானே கீழே விழுந்தார். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் மனமிரங்கி ஊனமுற்றோர் உதவித்தொகை கொடுத்தது. எடுத்த கால் மறுபடி முளைத்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தரம் நேரில் வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டதே தவிர, வேறு தொந்தரவு செய்யவில்லை.

வீட்டுக்கு வந்த இன்னொரு வருமானம் மாமனாரின் ஓய்வூதியம். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கணக்கில் இருப்புக் குறைந்தால், ஏழையாக இருந்த குற்றத்துக்கு வங்கி அபராதம் போடும். ஆகவே குடும்பமே கூடி யோசித்து, உதவித்தொகை, ஓய்வூதியம், மனைவியின் தையல் கூலி மூன்றையும் ஒரே கூட்டுக் கணக்கில் வரவைத்திருந்தார்கள். அப்படி ஒரு சிக்கனம்!

கணக்கை முடக்கவைத்த கடன் மெக்கானிக்கின் மச்சானுடையது. மரச்சாமான் கடை வைத்தான். முதலில் நாற்காலிகளை விற்றான், பிறகு கடையை விற்றான், பிறகு ஆளையே காணோம். மெக்கானிக் அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் நிறுவனம் வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி, கணக்கை முடக்கிவிட்டது. வாடகை கொடுக்கக் காசில்லை. வீட்டுக்காரர் பொறுமைசாலி, மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

“கடன் வாங்கினவன் ஓடிட்டான். எனக்கு ஓட வசதி இல்லைன்னு தெரிஞ்சு என்னைப் பிடிச்சிருக்காங்க சார்,” என்றார் மெக்கானிக்.

மாமனார் மேசையைத் தட்டினார். “தம்பி, பென்ஷன்ல கடன்காரன் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா, இல்லையா?”

“இருக்கு பெரியவரே. பென்ஷனையும் தொடக்கூடாது, ஊனமுற்றோர் பணத்தையும் தொடக்கூடாது. பெண்டாட்டி பிள்ளைக்கு ஜீவனாம்சம், வரி பாக்கி, அந்த மாதிரி ஒண்ணு ரெண்டுக்குத்தான் பிடிக்கலாம். ஆனா நீங்க மூணையும் ஒண்ணாக் கலந்து வச்சிருக்கீங்களே. எது எந்தப் பணம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?”

“உள்ள வரும்போது எங்கிருந்து வருதுன்னு சொல்லிட்டுத்தானே வருது?”

“வரும்போது சொல்லுது. வந்தப்புறம் மெஷினுக்கு எல்லாம் ஒரே பணம்தான்.”

மனிதர்கள் எவ்வளவோ போராடியும் அடையாத சமத்துவத்தை வங்கிக் கணினி அடைந்திருந்தது. மாமனாருக்கு அதைப் பாராட்டத் தோன்றவில்லை.

ஆனால் கடவுள் எல்லா அலுவலகத்திலும் ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார். இங்கே அது மூன்றாவது கவுன்டரில் இருந்த அம்மாள். சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கரண்டியோடு, எந்த வரவு எங்கிருந்து வந்தது என்று பிரித்து எழுதிக் கொடுத்தார். அது அவர் வேலையே இல்லை. அதனால்தான் அது நடந்தது.

“இதைக் கோர்ட்ல குடுங்க. இனிமே ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கணக்கா வச்சுக்குங்கண்ணே.”

“அபராதம் போடுவாங்களேம்மா?”

“அபராதமே இல்லாத கணக்கு ஒண்ணு இருக்கு. நாங்கதான் யார்கிட்டயும் சொல்றதில்ல.”

நீதிமன்றம் உதவித்தொகையையும் ஓய்வூதியத்தையும் விடுவித்தது. தையல் கூலியை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்துக்கு ஊனம் இல்லையே. வாடகை போனது, வீடு தங்கியது. மாமனார் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, தன் பென்ஷனை யமனே வந்தாலும் தொட முடியாது என்று விளக்கினார்.

இரண்டு மாதம் கழித்துப் பெயின்டர் பார்க்க வந்தான். மெக்கானிக்கோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன், லிஃப்ட் கதவுகளுக்கு வர்ணம் அடிப்பவன். வேர்த்துப்போயிருந்தான்.

“வண்டி எங்கடா?”

“வித்துட்டேண்ணே. நடந்தா உடம்புக்கு நல்லதாம்.”

“எந்த டாக்டர் சொன்னான்?”

பெயின்டர் தலையைச் சொறிந்தான். “அந்தக் கடன் கம்பெனிக்காரன்தான். ரெண்டாவது ஜாமீன் நான் போட்டேன்ல? உங்க பணத்தை எடுக்க முடியலையாம். என் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு பிடிக்கிறாங்க. சம்பளத்தைப் பிடிக்கலாமாமே. நம்மளுக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் மட்டும்தான் சிரித்தான். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சிறுமியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். பணத்தைப் பற்றி வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

“சட்டப்படி நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல மாப்பிள்ள,” என்றார் மாமனார். குரல் தெருவில் கேட்ட அளவுக்கு இல்லை.

“ஆமா மாமா. ‘ஒரு கையெழுத்துதான், வாடா’ன்னு அவனை இழுத்துட்டுப் போனது சட்டமா, நானா?”

மாமனார் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். ஓடிப்போனவன் அவர் பெற்ற பிள்ளை என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. அந்த வீட்டில் அந்த அளவு இரக்கம் இருந்தது.

சட்டம் நல்ல குடைதான். மெக்கானிக்கை நனையாமல் காத்தது. குடையிலிருந்து வழிந்த தண்ணீர் பக்கத்தில் நின்றவன் தலையில் விழுந்ததைச் சட்டம் பார்க்கவில்லை; அதன் வேலை அதுவல்ல. உதவித்தொகையைப் பிடிக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் உதவித்தொகை வந்ததும், மெக்கானிக் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் பட்டறைக்குப் போனார். எல்லோரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ உரக்கச் சிரிப்பது கேட்டது. முதல் வர்ணம் காயாத கதவுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஆணியில் தொங்கிய வர்ணக்கறைச் சட்டைகளில் பெயின்டருடையதைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அதன் ஒரு தோளில் பொத்தான் அளவுக்குக் கிழிசல்.

ஊன்றுகட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மடித்த நோட்டுகளை மேல்பையில் வைத்தார். மறுபடி எடுத்து, விழுந்துவிடாமல் இருக்க உள்பையில் திணித்தார். பிறகு, ஈரக் கதவுகளில் கட்டை படாதபடி ஒருக்களித்து, வந்த வழியே வெளியேறினார்.