தலைவர் தொடாத டப்பாக்கள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்பட்டது என்னவென்றால், இந்த வீட்டின் தலைவர் இனி தன் ஆயுளில் ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றைத் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் வெளியிட்ட இந்தப் பிரகடனத்தைக் கேட்க மனைவி, மகள், அப்பா என மூவர் திரண்டிருந்தனர். அப்பாவுக்குக் காது மந்தம்.

தலைவர் என்பது அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் கிடைத்த பட்டம். போட்டியின்றித் தேர்வு, வேறு யாரும் அந்தத் தலைவலிக்குத் தயாராக இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருபவர், பதவியை மட்டும் சாப்பாட்டு மேசை வரை கொண்டுவந்துவிடுவார்.

விவகாரத்துக்குக் காரணம் மனைவி. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மாலை ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளராக ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நடுவில் ஒருநாள் விட்டாலும் பதவி அடுத்தவளுக்கு. முன்பும் இப்படிக் கேட்டபோது தலைவரின் சூடான இரவுச் சோற்றுக்காக மறுத்திருக்கிறாள். இந்த முறை அவள் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தாள்.

"ஒரு வாரச் சமையலை இன்னிக்கே முடிச்சு வெச்சிட்டாப் போச்சு" என்றாள்.

"போச்சுதான், குடும்பமே போச்சு. பழசை நான் தொட மாட்டேன். இது முடிவு."

"முடிவா?"

"முடிவு."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் 'சரிங்க' சொன்னதும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் லிஃப்டுக்குள் உடைந்த நாற்காலியைப் போட்டது யார் என்று விசாரிக்கும் கூட்டம் காத்திருந்தது. வென்ற களிப்போடு கிளம்பிப்போனார்.

அவள் நான்கு அடுப்பையும் பற்றவைத்தாள். பீன்ஸை முக்கால் வேக்காட்டில் இறக்கினாள். மறுபடி சுடவைக்கும்போது மீதி வெந்துகொள்ளும். கோழியை எலும்பில்லாமல், மாமனாரின் பல்செட்டை மனதில் வைத்துச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். சோற்றைத் தட்டுகளில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஆறவிட்டாள். நாலைந்து வருடமாகச் சேர்த்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் பரணிலிருந்து இறங்கின. முதல் இரண்டு நாளுக்கானவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மற்றவை மேலே ஃப்ரீஸரில். முன்பெல்லாம் இந்தக் கைகள் இன்னொருவர் பசிக்கும் நேரத்துக்குத்தான் ஓடும். இன்று தன் வேலை நேரத்துக்காக ஓடின. அதனாலோ என்னவோ, வலிக்கவில்லை.

"கோழி மெத்துனு இருக்குமாம்மா?" என்று மாமனார் எட்டிப் பார்த்தார்.

"பல்லைக் கழட்டி வெச்சிட்டே சாப்பிடலாம் மாமா."

திங்கட்கிழமை இரவு தலைவர் சீக்கிரமே மேசைக்கு வந்துவிட்டார். நாள் முழுக்க அலுவலகத்தில் ஒத்திகை பார்த்த மறுப்புரை தயாராக இருந்தது. டப்பாவை நீட்டுவார்கள், இரண்டு விரலால் தள்ளிவிட்டுத் தொடங்க வேண்டியதுதான். மகள் இரண்டு டப்பாக்களைச் சுடவைத்துத் தாத்தாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று வைத்துக்கொண்டாள். கோழி வாசனை வீடெங்கும் பரவியது. தலைவர் விரல்களோடு காத்திருந்தார்.

"எனக்கு?"

"உங்களுக்கு இல்லப்பா. நீங்க தொட மாட்டீங்கன்னு அம்மா செய்யவே இல்ல."

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். வாரம் முழுவதற்கும் மற்ற மூவருக்கு மட்டும்தான் இருந்தது. மனைவிக்குப் போன் போட்டார். பின்னணியில் இயந்திரங்கள் இரைந்தன.

"என்ன இது, அவமானமா இருக்கு."

"உங்க பேச்சுக்கு மரியாதை குடுத்தேங்க."

"அப்ப நான் என்ன சாப்பிடறது?"

"சூடா ஏதாவது பண்ணிச் சாப்பிடுங்க. அடுப்பை நான் ஒண்ணும் கையோட எடுத்துட்டு வரலையே. இங்க ஒரு மிஷின்ல தண்ணி இறங்கல, வெச்சிடறேன்."

சாப்பாட்டை மறுக்கலாம். இல்லாத சாப்பாட்டை எப்படி மறுப்பது? தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து, இரண்டு முட்டைகளை உள்ளே இறக்கி, அடுப்பின் மேல் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பப்போ செஞ்சு சாப்பிடறதுல ஒரு ஒழுக்கம் இருக்கு, தெரியுமா?" என்று தொடங்கினார். "அந்தக் காத்திருப்புலதான் ருசியே."

தாத்தா கடைசித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, எதுவும் காதில் விழாமலே தலையாட்டினார். மகள் தட்டுகளைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்தாள். தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அடுப்பு பற்றவைக்கப்பட்டிருக்கவில்லை.