கோட்ருவின் கூண்டில் ஒரு கம்பளிச் சட்டை

"இதையா கூட்டிட்டுப் போகப்போறே? ஒன்பது வயசாம். எழுந்து நிக்கவே முனகுது பாரு."

"நின்னா என்ன, படுத்தா என்ன? இவன் குரல் ஒண்ணு போதும். நான் இல்லாத நேரத்துல உனக்கு ஒரு துணை."

"நாயைத் துணைக்கு வைன்னு உன்கிட்ட நான் கேட்டேனா?"

"அப்போ வேற என்ன கேட்டே, சொல்லு."

மார்ச் மாதம், நாய்கள் காப்பகத்துக் கம்பிக்கூண்டின் முன்னால் நடந்த பேச்சு அது. கணவன் ஹோரியாவின் அந்தக் கேள்விக்கு ஸ்மராண்டாவிடம் பதில் இருந்தது. பதினோரு வருடங்களாக, ஹோரியா லாரியில் ஏறும்போதெல்லாம் தொண்டைவரை வந்து திரும்பிப் போகிற பதில். அன்றும் விழுங்கினாள். இப்போது ஜூன் மாதம். அடுப்படியில் நாய்க்குச் சோளக்களி கிண்டிக்கொண்டே அந்தப் பேச்சை நினைத்து நினைத்து அவள் பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை நாயைக் கொண்டுவந்து கட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெயினுக்குச் சரக்கேற்றிப் போய்விட்டான். அவன் போனபின் அந்த ஐம்பத்தைந்து கிலோ கார்ப்பாத்திய மலைநாய் முழுவதும் இவள் தலையில். மூட்டு வலிக்குக் காலையும் மாலையும் மாத்திரை. பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து வைத்தால் கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் அவள் செருப்பின் மேல் துப்பும். நடக்கக் கூட்டிப்போனால் பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதுவாக மனம் வைத்து எழுந்தால்தான் வீடு திரும்பலாம். ஆயுசெல்லாம் மலையில் ஆடு காத்த நாய். ஆடு இல்லாத வீட்டில் அவளுடைய எட்டுக் கோழிகளையும் அவளையும் மந்தையாக வைத்துக்கொண்டது. அவள் குளிக்கப் போனால் கதவை அடைத்துப் படுத்துக்கொள்ளும். தபால்காரி தெருவில் நின்றபடியே கடிதங்களை வீசிவிட்டுப் போனாள்.

இத்தனைக்கும் நடுவில் அவன் தொலைபேசியில் அழைத்தால் முதல் கேள்வி நாயைப் பற்றித்தான்: "என் பையன் கோட்ரு எப்படியிருக்கான்?"

ஏப்ரலில் ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு அவன் தொலைபேசியை வைத்தபிறகுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். கிளம்பிய அன்று ஹோரியா தன் பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாயின் கூண்டுக்குள் போட்டிருந்தான். ஆடு மேய்த்த அவன் தாத்தா சொன்ன வழக்கம் அது. கிடையை விட்டு ஊருக்கு இறங்குகிற மேய்ப்பன் தான் உடுத்திய துணி ஒன்றை நாயிடம் விட்டுப்போவான். நாய் அதன் மேல் படுத்து அந்த வாசனையை மறக்காமல் வைத்திருக்கும். திரும்பி வரும்போது அவனை உள்ளே விடும். "துவைச்சிடாதே ஸ்மரா, வாசனை போயிடும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மாதம் முழுவதும் அந்த நாய் அதில் மூக்கைப் புதைத்துத் தூங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அதை உருவி எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டி, ஒன்றுக்கு இரண்டு தடவை துவைத்தாள். கொடியில் உலர்த்தியபோது மனம் குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் குளிர்ச்சி வடிந்துவிட்டது.

இப்போது வெளியே கோட்ரு உறுமிய சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடிவந்தாள். படலுக்கு அந்தப் பக்கம் ஹோரியா, தோளில் பை. இந்தப் பக்கம் மூட்டு வலியெல்லாம் மறந்து நிமிர்ந்து நின்ற நாய்.

"டேய், நான்தான்டா! உன்னைக் கொண்டுவந்தவன்டா!"

பக்கத்துத் தோட்டத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஆக்கிம், ஒருகாலத்தில் நானூறு ஆடு மேய்த்தவர், நீளக் காம்பு அரிவாளை ஊன்றி நிமிர்ந்தார். "கையை உள்ளே விட்டுடாதே தம்பி. அவன் விளையாடலை."

"அண்ணே, என் சட்டையைக் கூண்டுல போட்டுட்டுத்தானே போனேன்?"

"துவைச்சிட்டேன்," என்றாள் ஸ்மராண்டா.

"என்னது?"

"கொதிக்கிற தண்ணியில. ரெண்டு தடவை."

ஆக்கிம் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் புல்லோடு புல்லாகக் குனிந்துகொண்டார்.

"உனக்கு என்ன பைத்தியமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னே. நாய் உன்னை மறந்துடக் கூடாதுன்னு அத்தனை கவலை. அதுக்கு ஒரு சட்டையாவது விட்டுட்டுப் போனே. எனக்கு என்ன விட்டுட்டுப் போனே? மாத்திரை டப்பாவை!"

"ஸ்மரா, ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்திருக்கேன். இருக்கறது பன்னெண்டு நாள். அதை வாசல்லயே நின்னு கழிக்கணுமா?"

பன்னிரண்டு நாள் என்ற சொல் அவளை எங்கோ சுட்டது. கரண்டியை ஓங்கிக் காட்டினாள். "கூரை மாத்தணும்னு போனே. கூரை மாத்தி ஆறு வருஷமாச்சு. நம்ம பொண்ணு இலிங்கா படிப்புன்னே. அவ க்ளூஜ் நகரத்துல வேலைக்கே போயாச்சு. இப்போ எதுக்குப் போறே? யாருக்காகப் போறே?"

ஹோரியா தோள் பையைக் கீழே இறக்கி வைத்தான். "பழகிப்போச்சு," என்றான்.

பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பழகிப்போச்சாம்! அவள் தனியாகச் சாப்பிட்டது, தனியாகப் பனி வழித்தது, காய்ச்சலில் தனியாகக் கிடந்தது எல்லாம் இவனுக்குப் பழகிப்போச்சாம்.

"சரி விடு," என்றான் அவன், களைத்துப்போய். "ரெண்டு நாள் ஆக்கிம் அண்ணன் வீட்டுல தங்கிக்கிறேன். இவன் கோபம் தணியட்டும், உன் கோபமும்." குனிந்து பையைத் தூக்கினான். திரும்பினான்.

அந்த முதுகு. பதினோரு வருடங்களாக வாசலில் நின்று பார்த்த அதே முதுகு, அதே பை. கரண்டி புல்லில் விழுந்தது. அவள் கோட்ருவின் கழுத்து மயிரைக் கொத்தாகப் பிடித்து முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள். நாய் உறுமிக்கொண்டே நகர்ந்தது. மற்றக் கையால் படலைத் தள்ளித் திறந்தாள்.

"பையைக் கீழே வை!" என்று கத்தினாள். குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "போகாதே, ஹோரியா. இந்தப் பன்னெண்டு நாள் முடிஞ்சும் போகாதே. என்கூட இங்கேயே இரு."