கிறிஸ்ரினாவை உள்ளே விடாத கணினி

1

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். அதை எழுதப் பயந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் மூன்று தரம் எழுதினேன். 'குருநகர்க் கடலின் மீது காலைச் சூரியன் தன் பொற்கரங்களை' (வேண்டாம். கதை முழுக்க ஜன்னல் சாத்திய அறைக்குள் நடக்கிறது.) 'இணையம் என்பது மனித உறவுகளின்' (இதற்குச் சூரியனே பரவாயில்லை.) 'கிறிஸ்ரினாவுக்கு அன்று வேலையில் முதல் நாள்.' இது நிற்கட்டும்.

2

கிறிஸ்ரினா என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சுச் செய்யும் வேலை. அலுவலகம் சென்னையில், அவள் கடலுக்கு இந்தப் பக்கம், குருநகரில். வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினிக்குள் போக விபிஎன் என்றொரு மென்பொருள் கொடுத்திருந்தார்கள். மற்றவர் நுழைய முடியாத தனிச் சந்து, எங்கள் பேச்சில் ஒழுங்கை, மாதிரி ஒன்று. பயனர் பெயருக்கு உங்கள் பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள், கடவுச்சொல் கைப்பேசிக்கு வரும் என்றார்கள். அடித்தாள். உள்ளே விடவில்லை.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. பன்னிரண்டு மணிக்குள்ளை உள்ளை போகாட்டி வேறை ஆளை எடுப்பினமாம்."

ஒன்றரை வருடமாக வேலை தேடியவள். ஓடிப்போனேன். எனக்குக் கணினி தெரியும் என்று ஒழுங்கையில் ஒரு பேச்சு உண்டு. (அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.)

3

'உங்களை அடையாளம் காண முடியவில்லை' என்று திரையில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அதை முழுதாக வாசித்துவிட்டு, "உது ரவுட்டர்ப் பிழை" என்றேன்.

ரவுட்டரை நிற்பாட்டிப் போட்டோம். பிறகு கைப்பேசி இணைப்பில் முயன்றோம். ஃபயர்வோலை மூடினேன், கணினியின் மணிக்கூட்டைச் சரிபார்த்தேன், கடைசியில் மென்பொருளையே அழித்து மறுபடி இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதே வசனம்.* பதினொன்றரை ஆகிவிட்டது.

"சென்னைக்கு எடுத்துக் கேப்பமே அண்ணை?"

"பொறு பிள்ளை. உதுக்கெல்லாம் ஏன் ஆக்களைக் கேக்கிறது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு தானே சென்னைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

* மென்பொருளுக்குக் கோபம் வராது. அவளுடைய அம்மா லூர்த்தம்மாவுக்கு வந்தது. அவர் சொன்னதை அச்சில் போட முடியாது.

4

(இங்கே தினகரன் என்ற உதவிப் பிரிவுக்காரர் வருகிறார். அவரைச் சிடுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன், கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் மனிதர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். அந்த வரிகளை வெட்டிவிட்டேன்.)

"மேடம், உங்க அக்கவுண்ட் இருக்கே. கே, ஆர், ஐ, எஸ், ஆர், ஐ, என், ஏ."

"எஸ்ஸுக்குப் பிறகு ரீ எல்லோ வரவேணும்?"

"விண்ணப்பத்துல தமிழ்ல அப்படித்தானே எழுதியிருக்கீங்க? ஸ், ரி, னா. க்ரிஸ்ரினா."

வெளியூர் வாசகருக்கு: சென்னையில் 'ஸ்டி' என்று எழுதுவதை நாங்கள் 'ஸ்ரி' என்று எழுதுவோம். எழுதுவது ர, வாசிப்பது ட. அவள் கேட்ட 'ரீ'யும் ஆங்கிலத்து T தான். தினகரன் பாவம், எழுதியபடி வாசித்திருக்கிறார்.

"நான் பேரை இங்கிலீசிலைதான் எழுதினனான்!"

பெயரை மாற்ற இரண்டு நாள் பிடிக்குமாம். கிறிஸ்ரினா அதற்குக் காத்திராமல் க்ரிஸ்ரினாவாகவே உள்ளே போனாள். மணி பதினொன்று ஐம்பத்தாறு. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"பாத்தியளே அண்ணை? தான் பிழை விட்டிட்டு என்னிலை போடுறான்."

"ஓம்" என்றேன்.

5

அந்த விண்ணப்பத்தைப் பிழை திருத்தி அனுப்பச் சொல்லி அவள் என்னிடம்தான் தந்திருந்தாள். தமிழ் வேலைக்கு ஆங்கிலத்தில் பெயரா என்று பொங்கி, அவளைக் கேட்காமலே, எங்கள் எழுத்தில் மாற்றியவன் நான். அன்று பெருமையாகக்கூட இருந்தது.

முடிவு ஒன்று: அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன், அவள் சிரித்தாள். (நன்றாக வந்தது. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: பெயரை யாரும் கவனிக்கவில்லை. (இதை நம்பி மூன்று மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், லூர்த்தம்மா நன்றிக்கு அனுப்பிய நண்டுக்குழம்பு உட்பட.)

நேற்று கிறிஸ்ரினா தாளும் கையுமாக வந்தாள். வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயர், கணக்கில் இன்னொரு பெயர். பிழை எப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் நியமனம்.

"நீங்களே எழுதித் தாங்கோ அண்ணை. உங்களுக்குத்தான் தமிழ் வடிவா வரும். தினகரன்ரை பிழையெண்டு போடுங்கோ."

விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்கிறது. அப்படி எழுதினால் பொய்க்காரியாவது அவள், வேலையும் போய்விடும். இரண்டு வரிக் கடிதத்துக்கு ஒரு இரவும் பகலும் எடுத்தேன். எழுதி முடித்துவிட்டேன். வெட்கத்தில் காது சுடுகிறது.

இப்போது அவள் என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.

"ஒருக்கா வாசியுங்கோ அண்ணை, கேப்பம்."

வாசிக்கத் தொடங்குகிறேன். "ஐயா, விண்ணப்பத்தில் என் பெயரை எனக்குத் தெரியாமல் மாற்றி எழுதியவர், எனது அயலவரும் எழுத்தாளருமாகிய"

அடுத்த சொல், என் பெயர், தாளில் இருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். வாசகரே, 'அது இவர்தான்' என்று நீங்களாவது சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.